முதியோர் இல்லங்களில் ஆபத்துக் கால முன்னேற்பாடு

திருவனந்தபுரம் நகரம் பல குன்றுகளின்மீதும் அவற்றின் இடையே உள்ள பள்ளங்களிலும் பரந்து கிடப்பது. குன்றுகளில் பெய்யும் மழைநீர் கரமனையாறு, கிள்ளியாறு, ஆமையிழஞ்சான் தோடு ஆகியவற்றின் வழியாகவும், எண்ணற்ற சிறு ஓடைகளின் வழியாகவும் வடிந்து செல்கிறது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி இரவு பெய்த பெருமழையில் இந்நீர்வழிகள் கரைபுரண்டன. மறுநாள் பொழுது புலர்ந்தபோது தேக்குமூடு, கௌரீசபட்டம் முதலிய தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் நின்றது. மக்கள் பலர் முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது.

இத்தகைய இரவில் திடகாத்திரமான ஒருவர் எழுந்து, விளக்கேற்றி, மேட்டை நோக்கி நடந்துவிடலாம். ஆயின் நாற்பது முதியோர் உறங்கும் இல்லம் ஒன்றில் நீர் புகுந்தால் என்ன ஆகும்? அவர்களுள் பத்துப் பேர் படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள். சிலர் செவிப்புலன் குன்றியவர்கள். சிலருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதே நினைவில் இராது. இரவுப் பணியில் இருப்பவரோ மூன்று அல்லது நான்கு சிப்பந்திகள். இந்நிலையில் உயிர்களைக் காப்பது அந்த இரவில் காட்டப்படும் தைரியம் மட்டுமன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே செய்யப்பட்ட ஏற்பாடாகும். அந்த ஏற்பாடு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருகிவரும் முதியோர் தொகை

இந்திய மாநிலங்களுள் முதியோர் விகிதம் மிகுந்தது கேரளம். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, நாடு முழுவதும் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேராக இருக்க, கேரளத்தில் அவர்கள் 12.6 பேராக இருந்தனர். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு இதனை 16.5 எனக் காட்டியது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பிற தேசங்களிலும் வேலை செய்வதால், பெற்றோர் தனித்து வாழும் குடும்பங்கள் இங்கு மிகுதி. முதியோர் இல்லங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லம் அமைத்தல் பற்றிக் கூறுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இயங்குகிறது. மாநில ஆணையத்தின் அலுவலகம் திருவனந்தபுரத்தில், பழைய வானாராய்ச்சி நிலையம் அமைந்த குன்றில் உள்ளது. சட்டமும் அமைப்பும் இவ்வாறு உள்ளன. இல்லத்தின் வாயிலுக்குள்ளே நடைபெற வேண்டிய காரியங்களை இல்லத்தாரே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

முதுமையும் ஆபத்தும்

முதியோருக்கு அபாயம் மிகுவதன் காரணம் நடை தளர்வு மட்டுமன்று. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மழுங்குகிறது. உடலில் நீர் குறைந்தபோதும் தண்ணீர் வேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை. வியர்வை சுரந்து உடலைக் குளிரச் செய்யும் ஆற்றலும் குன்றுகிறது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு வெப்ப காலத்தில் நீர்க்குறைவு விரைவில் நேரும். ஆகவே புழுக்கமான அறையில், மின்விசிறி நின்றுபோன இரண்டு நாட்களே சிலரது உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இரண்டாவது, மருந்தின் தொடர்ச்சி. சர்க்கரை நோய், இருதய நோய், வலிப்பு நோய் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் இரண்டு மூன்று வேளை தவறினால் நிலை குலைவர். மூன்றாவது, தோலின் மென்மை. ஒரே பக்கமாகக் கடினமான தரையில் படுத்திருப்பவருக்குச் சில மணி நேரத்திலேயே படுக்கைப்புண் தோன்றத் தொடங்கும். நான்காவது, மனத்தின் தடுமாற்றம். மறதிநோய் உள்ளவர் பழகிய அறையையும் பழகிய முகத்தையும் இழந்தால் கலவரமடைவர். தூக்க வருபவரைப் பகைவர் எனக் கருதி எதிர்ப்பதும் உண்டு.

இவற்றினின்று ஓர் உண்மை புலனாகும். முதியோரை வெள்ளத்தினின்று வெளியேற்றிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடுவதில்லை. வெளியேற்றும் முறையும், பின்னர் அவர்கள் தங்கும் இடமும் உயிரைக் காக்கவும் கூடும், போக்கவும் கூடும்.

திருவனந்தபுரத்துக்கு உரிய ஆபத்துகள்

ஒவ்வோர் இல்லமும் தனக்கு நேரக்கூடிய ஆபத்து யாது என முதலில் அறிதல் வேண்டும். ஒரே மாவட்டத்திலும் இது இடத்துக்கு இடம் வேறுபடும். நகரின் தாழ்ந்த பகுதிகளில் ஓடை வெள்ளமும், நெய்யாறு, கரமனையாறு ஆகியவற்றின் கரைகளில் ஆற்று வெள்ளமும், கிழக்கே மலையடிவாரத்தில் மண்சரிவும் கவனிக்கற்பாலன. அணைகளின் மதகு திறக்கப்படும்போது கீழ்க்கரையில் நீர்மட்டம் உயரும்; ஆதலின் ஆற்றங்கரை இல்லங்கள் மழை அறிவிப்போடு அணை பற்றிய அறிவிப்பையும் கேட்டறிதல் அவசியம்.

கடற்கரையிலோ நிலைமை வேறு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இரு மாவட்டங்களையும் ஒருங்கே தாக்கியது. கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் உயிரிழந்தனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற்போயிற்று. மற்றுமோர் ஆபத்து, மலையாளத்தில் ‘கள்ளக்கடல்’ எனப்படுவது. தெற்கே நெடுந்தொலைவில், இந்து மகாசமுத்திரத்தில் எழும் பேரலைகள் பல நாட்கள் பயணம் செய்து இக்கரையை அடைகின்றன. உள்ளூரில் காற்றும் இராது, மழையும் இராது. திருடன் வருவதுபோல் கடல் ஊருக்குள் புகும். பூந்துறை, வலியதுறை முதலிய கரையோர மக்கள் இதனை நன்கு அறிவர். ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் நிலையம் இதற்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளம் மாநிலம் முழுவதற்கும் பாடம் புகட்டியது. ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை இயல்பாகப் பெய்ய வேண்டிய 1,649.5 மில்லிமீட்டருக்குப் பதிலாக 2,346.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதாவது 42 சதவீதம் அதிகம். ஏறத்தாழ 14 லட்சம் பேர் முகாம்களை அடைந்தனர். திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் சென்று, வீடுகளில் சிக்கியவர்களை மீட்ட செய்தி யாவரும் அறிந்ததே. அவ்வாறு சிக்கியவர்களில் தனித்து வாழ்ந்த முதியோர் பலர் இருந்தனர்.

பிற இடங்களின் அனுபவம்

முதியோர் இல்லங்களில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்து நோக்கின், அவற்றின் காரணங்கள் ஒரு சிலவே என்பது தெரியவரும்.

2005 ஆகஸ்டு 29ஆம் தேதி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைக் காத்ரீனா புயல் தாக்கியது. அங்கு முதியோர் இல்லம் ஒன்றின் நிர்வாகிகள், நோயுற்ற முதியோர் பயணத்தைத் தாங்கமாட்டார்கள் என எண்ணி அவர்களை இல்லத்திலேயே தங்கச் செய்தனர். கரை உடைந்து நீர் புகுந்ததில் 35 பேர் மாண்டனர். இது நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள், ரீட்டா என்ற மற்றொரு புயல் நெருங்கவே, டெக்சாஸ் மாநிலத்தில் முதியோரைப் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினர். செப்டம்பர் 23ஆம் தேதி வழியில் பஸ் தீப்பற்றியது. உள்ளே இருந்த பிராணவாயுக் கலங்கள் வெடித்தன. 23 பேர் இறந்தனர். தங்கியதனால் ஒரு துயரம். வெளியேறியதனால் ஒரு துயரம். தங்குவதே நன்று என்றோ, வெளியேறுவதே நன்று என்றோ பொதுவிதி கூற இயலாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

2011 மார்ச்சு மாதம் ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்து நேர்ந்தபோது, அண்மையிலிருந்த மருத்துவமனை ஒன்றிலிருந்தும் அதைச் சார்ந்த முதியோர் இல்லத்திலிருந்தும் நோயாளிகளை அவசரமாக வெளியேற்றினர். மருத்துவத் துணையின்றிப் பல மணி நேரம் பயணம் செய்ததன் விளைவாக, 40க்கு மேற்பட்டோர் வழியிலும் பின்னரும் உயிர் துறந்தனர். அவர்களைக் கொன்றது கதிரியக்கம் அன்று, ஆயத்தமில்லாத பயணமே.

2016 ஆகஸ்டில் அதே நாட்டின் இவாய்சுமி ஊரில், மறதிநோய் முதியோர் தங்கியிருந்த இல்லத்தில் ஆற்று வெள்ளம் புகுந்து ஒன்பது பேர் இறந்தனர். ‘வெளியேற ஆயத்தமாகுக’ என்னும் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. முதியோரைப் பொறுத்தமட்டில் ‘இப்போதே புறப்படுக’ என்பதே அதன் பொருள். ஆயின் அப்பொருள் இல்லத்தாருக்கு விளங்கவில்லை. இதன் பின்னர் ஜப்பானிய அரசாங்கம் எச்சரிக்கையின் பெயரையே மாற்றி, ‘முதியோர் முதலியோர் வெளியேறுக’ என்று வெளிப்படையாக அமைத்தது. வெள்ளப் பகுதியிலுள்ள இத்தகைய இல்லங்கள் வெளியேற்றத் திட்டம் வகுப்பதையும் கட்டாயமாக்கியது. அவ்வாறிருந்தும் 2020 ஜூலையில் குமா ஆற்றங்கரையிலிருந்த ஓர் இல்லத்தில் 14 பேர் மாண்டனர். மின்தூக்கி இல்லாத இரண்டு மாடிக் கட்டிடம் அது. சிப்பந்திகளும் அயலாரும் முதியோரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதே நீர் அவர்களை முந்திக்கொண்டது.

காலக் கணக்கு

குமா ஆற்றங்கரையில் நேர்ந்தது, சாராம்சத்தில், காலக் கணக்கில் நேர்ந்த தோல்வியே. இக்கணக்கை ஒவ்வோர் இல்லமும் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். உதாரணமாக 40 பேர் தங்கியுள்ள ஓர் இல்லத்தைக் கொள்வோம். அவர்களுள் 16 பேர் வழிகாட்டினால் தாமே நடப்பர். 14 பேருக்குக் கைபிடித்து நடத்த ஒருவர் வேண்டும். 10 பேரை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். இரவுச் சிப்பந்திகள் நால்வர். நடத்திச் செல்ல ஒருவருக்கு 6 நிமிஷமும், தூக்கிச் செல்ல ஒருவருக்கு 10 நிமிஷமும், திரும்பி வருவது உட்பட, ஆகின்றன எனக் கொள்க.

நால்வரில் ஒருவர், வந்து சேர்ந்த முதியோரோடு பாதுகாப்பான இடத்தில் இருந்தே ஆக வேண்டும். இன்றேல் மறதிநோயாளர் திரும்பி நடந்துவிடுவர். எஞ்சிய மூவரில் இருவர் தூக்குவதில் ஈடுபட்டால், பத்துப் பேரைக் கொண்டுசேர்க்க 100 நிமிஷம் ஆகும். மற்றவர் ஒருவரே 14 பேரை நடத்திச் செல்ல 84 நிமிஷம் ஆகும். ஆகவே இல்லம் காலியாவதற்குக் குறைந்தது 100 நிமிஷம் வேண்டும். களைப்பும் இருட்டும் மாடிப்படியும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இனி, முன்பே பழக்கப்பட்ட அயலார் அறுவர் உதவிக்கு வருவதாகக் கொள்வோம். தூக்குவதற்கு நான்கு ஜோடிகளும், நடத்திச் செல்ல ஒருவரும் கிடைப்பர். பத்துப் பேரை மூன்று நடையில், 30 நிமிஷத்தில் கொண்டுசேர்க்கலாம். மூன்றாம் நடையில் ஓய்ந்திருக்கும் இரண்டு ஜோடிகளும் நடத்திச் செல்வதில் கைகொடுத்தால், முழு வேலையும் 40 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். புதிய கட்டிடமோ விலையுயர்ந்த கருவியோ இன்றி, அறுவரின் துணையால் மட்டும் ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. வெள்ளத்தில் ஒரு மணி நேரம் என்பது பல உயிர்களுக்குச் சமம்.

இக்கணக்கினால் மற்றொன்றும் விளங்கும். 100 நிமிஷம் வேண்டும் இல்லம், நீர் வாசற்படியைத் தொட்ட பின் முடிவெடுத்தால் காலம் போதாது. முடிவெடுக்கும் குறியை அதற்கு முன்பே நிர்ணயித்துவைத்தல் வேண்டும்.

எச்சரிக்கையும் செயலும்

இந்திய வானிலைத் துறையின் அறிவிப்புகள் நிறங்களால் குறிக்கப்படுகின்றன. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்படின் மஞ்சள், 115.6 முதல் 204.4 வரையெனின் ஆரஞ்சு. அதற்கும் மேற்படின் சிவப்பு. பொதுமக்களுக்கு இந்நிறங்கள் எச்சரிக்கை மட்டுமே. முதியோர் இல்லத்திலோ ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செயல் விதிக்கப்பட்டிருத்தல் அவசியம். பிறர் ஆயத்தமாகும்போது முதியோர் நகர்ந்திருத்தல் வேண்டும் என்பதே இதற்கு அடிப்படை.

மஞ்சள் அறிவிப்பின்போது இரவுப் பணிக்கு வருவோரை உறுதி செய்தல், மருந்து இருப்பைச் சரிபார்த்தல், தொலைபேசிகளுக்கு மின்னேற்றம் செய்தல், ஜெனரேட்டரை இயக்கிப் பார்த்தல் ஆகியன நடைபெறலாம். ஆரஞ்சு அறிவிப்பு வந்ததும், தாழ்ந்த இடத்திலுள்ள இல்லங்கள் கீழ்த்தளத்தில் படுக்கையில் இருப்போரை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, மாடிக்கோ முன்பே பேசிவைத்த வேறோர் இல்லத்துக்கோ மாற்றிவிட வேண்டும். சிவப்பு அறிவிப்பு வந்தபோது கீழ்த்தளத்தில் ஒருவரும் உறங்கலாகாது. மண்சரிவு நேரக்கூடிய சரிவுகளில் மாடியும் பாதுகாப்பன்று. அங்குள்ளோர் ஆரஞ்சு அறிவிப்பின்போதே இடம் பெயர்தல் நலம். 2024 ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தபோது, உறங்கியவர்களுக்கு எழுவதற்கும் அவகாசம் இருக்கவில்லை.

முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். நிர்வாகி வெளியூர் சென்றிருந்தால் இரவுப் பணியின் மூத்த சிப்பந்தியே முடிவெடுக்கலாம் என்றும், பின்னர் வெள்ளம் வராமற்போயினும் அவர்மீது குறை கூறப்படாது என்றும் தெளிவாக இருத்தல் அவசியம். வீண் அலைச்சல் என்ற பழிக்கு அஞ்சியே பலர் காலம் தாழ்த்துகின்றனர்.

தங்குவதா, வெளியேறுவதா

வெள்ளநீர் எட்டாத, உறுதியான மாடி இருக்குமாயின் அங்கேயே மூன்று நாட்கள் தங்குவதற்கு ஆயத்தம் செய்தல் பெரும்பாலும் நன்று. அவ்வாறு இல்லையெனில் வெளியேறுதலே வழி. வெளியேறும் இடம் முகாம் என்று மட்டும் எழுதிவைத்தல் போதாது. ஒத்த வசதியுடைய மற்றோர் இல்லத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் சிறந்தது. இரு இல்லங்களும் ஒரே ஆற்றின் கரையில் இருத்தலாகாது. வண்டி எது, ஓட்டுநர் யார், படுத்தவாறு செல்வோர் எத்தனை பேர், உடன் செல்லும் செவிலியர் யார் என்பனவெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். பிராணவாயுக் கலங்களை நிமிர்த்தி, அசையாதவாறு கட்டியே கொண்டு செல்ல வேண்டும். அருகில் புகைத்தலோ நெருப்போ கூடாது.

மின்சாரம், நீர், மருந்து

2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பின் புளோரிடாவில் ஓர் இல்லத்தின் குளிர்சாதனம் செயலற்றது. கட்டிடம் இடியவில்லை, நீர் புகவில்லை, எதிரிலேயே மருத்துவமனை இருந்தது. ஆயினும் வெப்பத்தினால் 12 முதியோர் மாண்டனர். அதன்பின் அம்மாநில அரசாங்கம், முதியோர் மருத்துவ இல்லங்களில் உஷ்ணம் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியசுக்கு மேற்படாதவாறு 96 மணி நேரம் காக்கும் மாற்று மின்வசதி கட்டாயம் என விதித்தது.

நம் நாட்டு இல்லங்களில் ஜெனரேட்டர் இருப்பினும் அது பெரும்பாலும் தரைமட்டத்தில், சில இடங்களில் நிலவறையில் வைக்கப்பட்டுள்ளது. வெள்ளம் முதலில் சேதப்படுத்துவது அதனையே. அதை உயர்ந்த மேடையில் அமைப்பதும், மாதந்தோறும் முழுச் சுமையோடு இயக்கிப் பார்ப்பதும் இன்றியமையாதன. 2024 செப்டம்பரில் திருவனந்தபுரத்தின் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டரும் பயன்படாமற்போகவே, சில மணி நேரம் கைவிளக்கொளியில் சிகிச்சை நடைபெற்றது. கருவி இருத்தல் வேறு, இயங்குதல் வேறு.

மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். மேல்தொட்டி விரைவில் வறண்டுவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 லிட்டரும், பிற தேவைகளையும் சேர்த்து 15 லிட்டரும் குறைந்த அளவாகும். முதியோர் 40 பேரும் சிப்பந்திகள் 6 பேரும் மூன்று நாட்கள் தங்குவதற்கு, குடிநீர் 414 லிட்டரும், மொத்தம் 2,070 லிட்டரும் வேண்டும். வெள்ளத்தில் கிணறு மாசுபடும். ஆகவே இந்நீர் மூடிய தொட்டியில் இருத்தல் வேண்டும்.

பிராணவாயு தேவைப்படுவோர் இருப்பின் மின்சாரக் கருவியை மட்டும் நம்பலாகாது. ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு கொண்ட சிலிண்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரமே வரும். இதைக்கொண்டு எத்தனை சிலிண்டர்கள் வேண்டும் எனக் கணக்கிடலாம். இன்சுலின் மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லாதபோது, ஈரமணல் இட்ட மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதில் காக்கலாம். ஏழு நாள் மருந்து ஒவ்வொருவர் பெயரிலும் தனியே இருத்தல் நலம். வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவுவது கேரளத்தின் அனுபவம். 2018இல் இது பலரது உயிரைக் குடித்தது. தடுப்பு மருந்தான டாக்சிசைக்கிளின் பற்றி மருத்துவரின் யோசனையை முன்பே பெறுதல் தகும்.

நெருப்பு

வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு உண்டு; நெருப்புக்கு இல்லை. 2023 ஜனவரி 1ஆம் தேதி அதிகாலையில் தில்லியின் முதியோர் இல்லம் ஒன்றில் தீப்பற்றி இரண்டு மூதாட்டியர் இறந்தனர். 2011 டிசம்பர் 9ஆம் தேதி கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் நிலவறையில் மூண்ட தீ, ஏறத்தாழ 90 பேரைப் பலி கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் சுடரைக் காணாமலே புகையினால் மடிந்தனர். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி, மனநோயாளர் இல்லத்தின் கூரை பற்றியெரிந்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர்.

மறதிநோயாளர் வெளியே சென்றுவிடாதிருக்கக் கம்பிக்கதவைப் பூட்டும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அக்கதவின் சாவி எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியில் பல உயிர்கள் அடங்கியுள்ளன. சாவி ஒவ்வொரு சிப்பந்தியின் இடுப்பிலும், கதவருகில் ஓர் ஆணியிலும் இருத்தல் வேண்டும். தீ நேர்ந்தால் அனைவரையும் உடனே மாடிப்படியில் இறக்க முயல்வது காலவிரயம். முதலில் அதே தளத்தில், புகைக்கும் தமக்கும் இடையே மூடிய கதவொன்று இருக்கும் பகுதிக்கு நகர்த்துதல் எளிது. எழ இயலாதவரைத் தூக்க ஆள் இல்லாதபோது, கனத்த போர்வையில் கிடத்தித் தலைப்புறத்தைப் பிடித்து ஒருவரே தரையில் இழுத்துச் செல்லலாம்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை

முன்னேற்பாட்டின் மிக மலிவான கருவி ஓர் அட்டை. முதியவரின் பெயர், வயது, நோய், உட்கொள்ளும் மருந்தும் அளவும், ஒவ்வாத மருந்து, நடக்கும் திறன், செவி, கண் நிலை, பேசும் மொழி, உறவினர் தொலைபேசி ஆகியன அதில் இருத்தல் வேண்டும். திருவனந்தபுரம் இல்லங்களில் தமிழ் பேசும் முதியோரும் உண்டு. மறதி முற்றியவர் பின்னாளில் கற்ற மொழியை மறந்து தாய்மொழியை மட்டுமே பேசுவதும் உண்டு. ஆகவே மொழிக் குறிப்பு அற்பமானதன்று. அட்டையை நீர் புகாத உறையில் இட்டு, மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி, பல்செட்டு, மூன்று நாள் மருந்து ஆகியவற்றோடு ஒரு துணிப்பையில் கட்டிலருகே தொங்கவிடலாம். பதிவேடுகள் யாவும் நனைந்தாலும் இப்பை ஒருவரை அறிமுகப்படுத்திவிடும்.

ஒத்திகை

காகிதத்தில் உள்ள திட்டம் ஒத்திகை பார்க்கப்படாதவரை திட்டமாகாது. ஆண்டுக்கு இரு முறையேனும், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் ஒத்திகை நடத்தலாம். அவற்றுள் ஒன்று இரவில், குறைந்த சிப்பந்திகளோடு நடைபெறுதல் வேண்டும். முதியோரை உண்மையில் தூக்கி அலைக்கழிக்க வேண்டியதில்லை. தன்னார்வலர் ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்து, ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து குறித்துக்கொண்டால் போதும். கட்டில் கதவில் நுழையவில்லை, படியின் திருப்பத்தில் தூக்குப்படுக்கை திரும்பவில்லை என்பன போன்ற உண்மைகள் அப்போதே வெளிப்படும். நடமாடும் முதியோரையும் ஒத்திகையில் பங்குகொள்ளச் செய்தல் நன்று. அடுத்த கட்டிலில் இருப்பவரின் கையைப் பிடித்துத் தேறுதல் கூறும் பணியை அவர்களைவிட நன்றாகச் செய்பவர் இல்லை.

கள அலுவலரும் ஆசிரியரும்

கள அலுவலர் தம் எல்லைக்குட்பட்ட இல்லங்களின் பட்டியலை, பதிவு பெற்றவை, பெறாதவை என்ற வேறுபாடின்றி, முதலில் தயாரித்தல் வேண்டும். ஒவ்வோர் இல்லத்திலும் ஐந்து கேள்விகள் கேட்டால் நிலைமை விளங்கிவிடும்: இரவில் எத்தனை சிப்பந்திகள்? எழ இயலாதோர் எத்தனை பேர்? வெள்ளம் முன்பு எந்த மட்டம் வரை வந்தது? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? பூட்டின் சாவி யாரிடம்? விடைகளை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அளித்துவைத்தால், படகும் வண்டியும் அனுப்பும்போது எங்கு முதலில் அனுப்புவது என்பது அங்கு இருப்போருக்குத் தெரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077, மாநிலத்தினது 1070. இவை ஒவ்வோர் இல்லத்தின் சுவரிலும் பெரிய எழுத்தில் இருத்தல் அவசியம். ஆஷா பணியாளரும், நோய்த்தணிப்புச் செவிலியரும், குடும்பஸ்ரீ மகளிரும் கேரளத்தின் ஒவ்வொரு வார்டிலும் முதியோரை நேரில் அறிந்தவர்கள். மேலே கூறிய அறுவர் அயலாரை இவர்கள் வாயிலாகவே எளிதில் திரட்டலாம்.

ஆசிரியரின் பங்கு வேறு வகையானது. வெள்ளக் காலத்தில் முகாமாக மாறுவது அவர் பணிபுரியும் பள்ளியே. ஆதலின் அப்பள்ளி முதியோர் தங்கத் தக்கதா என்பதை அவர் ஆராயலாம். வாயிலில் சாய்தளம் உண்டா. அது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாகச் சாய்ந்துள்ளதா. சக்கர நாற்காலி நுழையும் அகலம் கதவுக்கு உண்டா. கழிவறையில் பிடித்து எழக் கைப்பிடி உண்டா. தரையில் உட்கார இயலாதோருக்குக் கமோடு நாற்காலி இரண்டேனும் கிடைக்குமா? மாணவரைக் கொண்டு ஊரின் மேடு பள்ளங்களையும், பழைய வெள்ளக் குறிகளையும், தனித்து வாழும் முதியோர் வீடுகளையும் குறித்த படம் ஒன்று வரையச் செய்தல் பூகோளப் பாடத்துக்கும் பயிற்சியாகும். முதியோர் சிலரது மலையாள வழக்கில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ எனவே வழங்குகிறது. கொல்லம் ஆண்டு 1099இல் அது நேர்ந்தமையே காரணம். நீர் எதுவரை வந்தது என்று தம் பெற்றோர் கூறியதை நினைவில் வைத்திருக்கும் முதியோரை மாணவர்கள் கேட்டறிந்தால், எந்தப் படத்திலும் காணப்படாத செய்திகள் கிடைக்கும்.

இறுதியாகக் கூறத்தக்கது ஒன்று. மழையைத் தடுக்கவோ, கடலை அடக்கவோ எவராலும் இயலாது. ஆயின் நூறு நிமிஷ வேலையை நாற்பது நிமிஷமாக்குவதும், பூட்டின் சாவியைக் கதவருகே தொங்கவிடுவதும், ஜெனரேட்டரை ஆறடி உயர்த்திவைப்பதும் எவருக்கும் இயல்வனவே. அடுத்த பருவமழை தொடங்குமுன் தம் எல்லையிலுள்ள ஓர் இல்லத்திலேனும் இவற்றைச் செய்து முடிக்கும் அலுவலரும் ஆசிரியரும், தாம் என்றும் பெயரறியாத பலரது உயிரைக் காத்தவராவர்.